பெண் ‘பேண்’ ஆன கதை

சென்ற ஆண்டு தை மாதம், திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் கடைக்கு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். முன்பு அது டி.டி.பி. கடை. இப்போது ஒரு பக்கம் தட்டச்சும் நகலும், மறுபக்கம் என் அக்கா மகள் நடத்தும் செல்போன் பழுதுபார்ப்பும்.

“அத்தை, எங்க அப்பாயி எழுதுன நோட்டை நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களாமே, அது இருக்கா?”

அவளுடைய அப்பாயி கல்குவாரியில் சல்லி உடைத்தவர். நாற்பது வயதுக்கு மேல் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். தன் வாழ்க்கையை ஒரு நீள நோட்டில் எழுதி 2003இல் என்னிடம் கொடுத்தார். நான் தட்டச்சு செய்து வைத்தேன். அச்சடிக்க அப்போது கையில் காசில்லை. நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கூரை மாற்றிய வருடம் அதைக் கரையான் அரித்துவிட்டது. அவரும் 2023இல் இறந்துபோனார். மிச்சமிருந்தது என்னிடம் இருந்த கோப்பு மட்டும்தான். அதுவும் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கி, டச் போய், அலமாரியில் கிடந்த ஒரு மலிவு விலை டேப்லட்டுக்குள் இருந்தது.

அந்தக் கோப்பை மீட்ட கதையைச் சொல்ல வேண்டுமானால், விசைகளின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் அதைக் கெடுத்தது கரையானோ காலமோ அல்ல, ஒரு சின்ன ‘டிக்’ குறி. அந்தக் குறிக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

1874இல் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டைப்ரைட்டர், அந்த நிறுவனத்தின் தையல் மிஷின் பிரிவில் உருவானது. அதனால் பார்ப்பதற்கும் தையல் மிஷின் போலவே இருந்தது: கீழே மேசை, உடம்பில் பூ வேலைப்பாடு, அடுத்த வரிக்குப் போகக் காலால் அழுத்தும் மிதி. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் ஷோல்ஸின் மகள் லிலியன், அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் 1872ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. தட்டச்சு செய்த முதல் பெண்களில் ஒருவர் அவர். ஆங்கிலத்தில் ‘டைப்ரைட்டர்’ என்ற சொல் ஒரு காலத்தில் இயந்திரத்தையும் குறித்தது, அதை இயக்கிய பெண்ணையும் குறித்தது. ஒரு வேலை பெண்களின் வேலையாக மாறும்போது, செய்பவளும் கருவியும் ஒரே பெயருக்குள் அடங்கிப்போவதை அங்கே பார்க்கலாம்.

தமிழுக்கு அந்த இயந்திரம் எளிதில் வரவில்லை. 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் வாழ்ந்த ஆர். முத்தையா அதற்கு ஒரு விசைப்பலகையை வகுத்தார். ஜெர்மனியில் அந்த இயந்திரம் தயாரானது. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அலுவலகங்களில் தமிழ் டைப்ரைட்டரின் தேவை கூடியது. அதோடு ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் முளைத்தன. லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வுகள். தேறினால் அரசு வேலைக்கு ஒரு வழி.

1987இல் பிளஸ் டூ முடித்ததும் என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள். திருக்கோகர்ணத்திலிருந்து புதுக்கோட்டை டவுனுக்கு நடந்தே போவோம். தினம் ஒரு மணி நேரம். இடது கைக்கு ‘யளனக’, வலது கைக்கு ‘தமட’ என்று விரல்களைப் பழக்குவார்கள். புள்ளிக்கான விசை மட்டும் வண்டியை நகர்த்தாது. ஆகவே புள்ளியை முதலில் தட்டி, அதன் கீழ் எழுத்தைத் தட்ட வேண்டும். எழுதும்போது கடைசியில் வைக்கும் புள்ளியை, தட்டும்போது முதலில் வைக்க விரல் கற்றுக்கொண்டது. இன்னொரு பாடமும் உண்டு: “தாளைப் பாரு, விசையைப் பார்க்காதே.” என்ன தட்டுகிறோம் என்று யோசிக்கவும் கூடாது. யோசித்தால் வேகம் குறையும். கல்யாணத்துக்கு முன் வீட்டை விட்டு வெளியே போக எங்கள் தெருப் பெண்களுக்குக் கிடைத்த ஒரு மணி நேரச் சுதந்திரம் அந்த இன்ஸ்டிட்யூட். அடுத்தவர் வார்த்தைகளுக்குக் கையை மட்டும் கொடுக்கும் பயிற்சியும் அங்கேதான் கிடைத்தது.

சொற்செயலி, அதாவது வேர்ட் பிராசஸர், அந்தப் பயிற்சியை மாற்றியிருக்க வேண்டிய கருவி. ஒரு எழுத்து தவறினால் முழுப் பக்கத்தையும் மறுபடி தட்டும் சலிப்பிலிருந்து டைப்பிஸ்டுகளை விடுவிக்க வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர் ஒரு பெண். நியூயார்க்கில் 1925இல் பிறந்த ஈவ்லின் பெரெசின், இயற்பியல் படித்துக் கணினித் துறைக்கு வந்தவர். விமான டிக்கெட் முன்பதிவுக்கான கணினி அமைப்பை வடிவமைத்தவர். 1969இல் ரெடாக்ட்ரான் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1971இல் ‘டேட்டா செக்ரட்டரி’ என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் திரை கிடையாது. தட்டியது நினைவில் தங்கும், திருத்தலாம், நகர்த்தலாம், மறுபடி அச்செடுக்கலாம். இன்று நாம் சாதாரணமாகச் செய்யும் வெட்டுதலும் ஒட்டுதலும் திருத்துதலும் ஒரு செயலாளரின் கைவலியை மனதில் வைத்து ஒரு பெண் யோசித்த வழியிலும் நமக்கு வந்திருக்கின்றன. எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை.

தமிழ்க் கணினிக்கு வருவோம். 1990களில் டி.டி.பி. கடைகள் பெருகின. யூனிகோடு தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் கடைகளின் கணினிகளுக்கு அது வந்துசேர வெகுகாலம் ஆனது. அதுவரை ஓடியது ஒரு தந்திரத்தில். கணினியைப் பொறுத்தவரை நாங்கள் ஆங்கில எழுத்துகளைத்தான் தட்டினோம். அந்த எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டியது எழுத்துரு. பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர ஆங்கில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். விசை வரிசை பெரும்பாலும் பழைய டைப்ரைட்டரையே ஒட்டியிருந்ததால், லோயர், ஹையர் முடித்த பெண்கள் நேராக டி.டி.பி. கடைகளில் உட்கார்ந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, வினாத்தாள், ஆய்வேடு, கவிதைத் தொகுப்பு எல்லாம் அவர்கள் விரல் வழியாக வந்தன. அந்தக் காலத்துத் தமிழ்ப் புத்தகங்களின் உள் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். ‘ஒளியச்சு’ என்று போட்டுப் பக்கத்தில் கடையின் பெயர் இருக்கும். தட்டியவள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நான் 1996இல் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு மூத்த ஆபரேட்டர் அக்கா கற்றுக்கொடுத்த முதல் விஷயம் தட்டச்சு அல்ல, அமைப்புகள். சொற்செயலியில் தானியங்கித் திருத்தம் என்று ஒரு பகுதி இருக்கும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்குவது, நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்குவது, அடைப்புக்குள் ‘சி’ தட்டினால் காப்புரிமைக் குறியாக்குவது, பிழை என்று நினைப்பதன் அடியில் சிவப்பு நெளிகோடு போடுவது என்று வரிசையாக ‘டிக்’ செய்யப்பட்டிருக்கும். “எல்லாத்தையும் எடுத்துவிட்ரு. அப்புறம்தான் கீபோர்டுல கை வைக்கணும்” என்றார் அக்கா. ஆங்கிலம் எழுதுபவருக்கு உதவியாக வந்தவை அவை. எங்களுக்கோ ஒவ்வொன்றும் ஒரு கண்ணி.

காரணம் எளிது. பாமினியில் சிறிய ஆங்கில எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, அதே பெரிய எழுத்துக்கு வேறொரு தமிழ் எழுத்து. சிறிய ‘எம்’ தட்டினால் அ, பெரிய ‘எம்’ தட்டினால் ஆ. சிறிய ‘எஃப்’ க, பெரிய ‘எஃப்’ கு. சிறிய ‘என்’ ஒற்றைக் கொம்பு, பெரிய ‘என்’ இரட்டைக் கொம்பு. ஆகவே வாக்கியத்தின் முதல் எழுத்தைச் சொற்செயலி தானாகப் பெரிதாக்கினால் ‘அம்மா’ ஆம்மா ஆவாள். ‘கல்வி’ குல்வி ஆகும். ‘பெண்’ பேண் ஆவாள். ‘நான்’ என்பதில் ந போய் நு வந்து, கால் மட்டும் தனியே நிற்கும்.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். ‘ஆண்’ என்ற சொல் ஏற்கெனவே பெரிய எழுத்தில்தான் தொடங்குகிறது. அதனால் அந்தச் சொல்லுக்கு ஒரு கீறலும் விழாது. வாக்கியத் தொடக்கத்தில் பெண் உடைவாள், நான் உடைவேன், அம்மா உடைவாள், ஆண் அப்படியே நிற்பான். யாரும் சதி செய்யவில்லை. எழுத்துருவைச் செய்தவருக்கும் சொற்செயலியைச் செய்தவருக்கும் ஒருவரையொருவர் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் இயல்புநிலை என்று ஒன்றை வைக்கும்போது யாரோ ஒருவரை மனதில் வைத்துத்தான் வைக்கிறார்கள். அந்த யாரோ நாம் இல்லையென்றால், கெட்ட எண்ணமே இல்லாமல் நமக்குச் சேதம் நடந்துவிடும்.

அரசும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழ் 99 விசைப்பலகை தரமாக்கப்பட்டது. உயிர் இடது கையில், மெய் வலது கையில், புள்ளி பல இடங்களில் தானாக விழும். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடை அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் கடைகளில் உட்கார்ந்திருந்த பெண்களின் விரல்களில் பழைய வரிசை ஊறியிருந்தது. புதிதாகக் கற்க யாரும் சம்பளத்தோடு விடுப்பு தரவில்லை. 2003இல் நானும் பாமினியில்தான் தட்டினேன்.

அந்த வாரம் என் கணினி கெட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். ‘டிக்’ எல்லாம் திரும்ப வந்துவிட்டன. நான் கவனிக்கவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் கற்றபடி நோட்டைப் பார்த்தேன், திரையைப் பார்க்கவில்லை. இரவில் கடையை மூடிய பிறகு, வேகமாக, நாற்பது பக்கம்.

அந்த நோட்டை எழுதியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் தொண்டராகச் சேர்ந்தேன். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. கல்குவாரிப் பெண்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள், கல் பட்டை தீட்டும் பெண்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டினார்கள். கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதும்போது ஒரு தகவலைப் பதிவு செய்திருக்கிறார்: லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளை விரும்பிய பெண்களும் இருந்தார்கள், முன்னால் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால். பெண்ணுக்கென்று செய்யப்பட்ட வண்டியை ஒதுக்கிவிட்டு, தன் வாழ்க்கைக்கு ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். அமைப்புகளை மாற்றிக்கொள்ளும் அறிவு எங்கள் மாவட்டத்துப் பெண்களிடம் கணினி வருவதற்கு முன்பே இருந்தது.

இனி டேப்லட். என் அக்கா மகள் அதைக் கையில் வாங்கி, பின்பக்கம் புடைத்திருப்பதைத் தடவிப் பார்த்து, “சித்தி, பேட்டரி உப்பியிருக்கு. இதைச் சார்ஜ்ல போட்றாதீங்க” என்றாள். பழைய பிளாஸ்டிக் கார்டைச் செருகி மூடியைத் திறந்தாள். பேட்டரியைப் பிரித்து மணல் வாளியில் வைத்தாள். கடைக்கு வருகிறவர்கள் இப்போதும் அவளைப் பார்த்து, “ரிப்பேர் பாக்குற தம்பி இல்லையா?” என்று கேட்பதுண்டு. “நாந்தான் அந்தத் தம்பி” என்பாள்.

தொடுதிரையும் புதிய பொருள் அல்ல. இங்கிலாந்தில் இ. ஏ. ஜான்சன் என்பவர் 1965இலேயே விரல் தொடுவதை உணரும் திரையைப் பற்றி எழுதிவிட்டார். இன்றைய செல்போன் கண்ணாடியின் அடியில் மின்சாரம் கடத்தும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு இருக்கிறது. நம் உடம்பும் மின்சாரம் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் மாறும். அதை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று கருவி கணக்கிடுகிறது. அழுத்தம் தேவையில்லை, ஆனால் தோல் தேவை. காய்ப்புக் காய்ச்சி வறண்ட விரலைச் சில திரைகள் சரியாக உணர்வதில்லை. கல் உடைத்த பெண்கள் எங்கள் கடைக்கு வந்து, “எல்லாருக்கும் வேலை செய்யுது, என் வெரலுக்கு மட்டும் மாட்டேங்குது” என்பார்கள். கோளாறு தங்கள் கையில் என்று நினைத்துச் சேலையில் விரலைத் துடைத்துக்கொள்வார்கள். சில போன்களில் கையுறை போடுபவர்களுக்காகத் தொடு உணர்திறனைக் கூட்டும் அமைப்பு ஒன்று இருக்கிறது. என் அக்கா மகள் அதைத் திறந்து வைத்துக் கொடுப்பாள். “இப்பத் தொட்டுப் பாருங்க அப்பத்தா” என்பாள். அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

மலிவு டேப்லட்டுகளில் டச் கண்ணாடியும் உள்ளே இருக்கும் டிஸ்ப்ளேயும் தனித்தனி. டச் கண்ணாடியின் ரிப்பனில் ஒரு எண் இருக்கும். அதே எண்ணுள்ள கண்ணாடி திருச்சியில் கிடைக்கவில்லை. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றை வாங்கி மாட்டினாள். இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் திறந்தது. சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஓ.டி.ஜி. கேபிளில் ஒரு மவுஸை மாட்டினாள். திரையில் ஒரு சின்ன அம்பு தோன்றியது. தொடவே முடியாத டேப்லட்டை மவுஸால் ஓட்டி, கோப்பைப் பென் டிரைவுக்கு மாற்றினாள்.

கணினியில் திறந்தோம். எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியை ஏற்றியதும் தமிழ் வந்தது. மாணவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் நிறுத்தினாள்.

“அத்தை, ‘பேண் பிறந்தா’ன்னு இருக்கே. எங்க அப்பாயிக்கு ‘பெண்’ணுன்னு எழுதத் தெரியாதா?”

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் கழித்து, ஒரு ‘டிக்’ குறியின் தவறு எழுதக் கற்ற ஒரு பெண்ணின் தலையில் விழுந்திருந்தது. படிப்பவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார். முதியோர் கல்வியில் படித்தவர்தானே, தப்பும் தவறுமாகத்தான் இருக்கும் என்று. பிழை எதில் உண்டானது என்று தெரியாவிட்டால், அதைப் பலவீனமானவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

திருத்தம் எளிதாக இல்லை. ‘ஆவள்’ என்றால் அவள் என்று புரிந்துவிடும். ஆனால் வாக்கியத் தொடக்கத்தில் ‘குடித்தான்’ என்று இருந்தால்? அது குடித்தானா, கடித்தானா? இயந்திரத்திடம் விட முடியாது. நானும் அவளுமாக ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துச் சரி செய்தோம். பதினோரு மாலைகள். ‘நான்’ என்று தொடங்கிய எத்தனையோ வாக்கியங்களில் உடைந்துகிடந்த ‘நான்’களை ஒவ்வொன்றாக ஒட்டினோம்.

அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் இன்னொரு சேதத்தைப் பார்த்தேன். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது.

ஒரு பக்கத்தில், “அதிகாலையில் எழுந்து கல் உடைக்கச் செல்வோம்” என்று இருந்தது. அவர் அப்படி எழுதவில்லை. வகுப்பில் அவர் அந்தப் பகுதியைப் படித்துக்காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “வெள்ளன எந்திரிச்சு கல்லு ஒடைக்கப் போவோம்.” அதை மாற்றியது சொற்செயலி இல்லை. நான். புத்தகமாக வந்தால் நாலு பேர் மதிக்க வேண்டுமே என்று, நல்ல தமிழாக்குகிறேன் என்று, அவரைக் கேட்காமலே மாற்றியிருந்தேன். ‘பொழப்பு’ எல்லாம் ‘பிழைப்பு’ ஆகியிருந்தன. அவர் திட்டிய இடங்களில் ‘கடிந்துகொண்டேன்’ என்று இருந்தது. என் விரலுக்குள்ளும் ஒரு தானியங்கித் திருத்தம் ‘டிக்’ செய்யப்பட்டிருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி எந்த அக்காவும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

சொற்செயலி செய்த சேதத்துக்கு ஒரு விதி இருந்தது. அதனால் மீட்க முடிந்தது. நான் செய்ததற்கு விதி இல்லை, நோட்டும் இல்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் தூக்கக் கலக்கத்தில் ஒரு ‘வெள்ளன’வை மாற்றாமல் விட்டிருக்கிறேன். மாணவி அதைக் கண்டுபிடித்து, “இது எங்க அப்பாயி” என்றாள்.

எங்கள் ஊரில், டோரதி கிருஷ்ணமூர்த்தியும் பா. கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய தமிழ் நூல்களின் முதல் பதிப்புகளை அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம். 1910இல் தொடங்கிய அருங்காட்சியகமும் திருக்கோகர்ணத்தில்தான். கல்லும் செம்பும் காகிதமும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஆனால் 1990களிலிருந்து டி.டி.பி. கடைகளில் பெண்கள் தட்டிய கோப்புகள் பழைய கணினிகளிலும், குறுந்தகடுகளிலும், டச் போன கருவிகளிலும் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாவிட்டால் அவை குப்பையாகத் தெரியும். குப்பையாகத் தெரிந்தால் அழித்துவிடுவார்கள். அவற்றில் எத்தனையோ பெண்களின் ஒரே பிரதி இருக்கலாம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கருவி இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். திரை தெரிந்து டச் மட்டும் போயிருந்தால் மவுஸ் மாட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பையாக வந்தால் எந்த எழுத்துருவில் தட்டியது என்று தட்டியவளைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். கையெழுத்து நோட்டு இருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள்.

அந்த நாற்பது பக்கங்களை இந்த ஆண்டு நூறு பிரதிகள் அச்சடித்தோம். நான் மாற்றிய சொற்களைப் பற்றி முன்னுரையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். உள் அட்டையில் மூன்று வரிகள் சேர்த்தோம்: எழுதியவர் பெயர், தட்டச்சு செய்தவர் பெயர், கருவியைப் பழுதுபார்த்தவர் பெயர். மூன்றும் பெண் பெயர்கள். அச்சுக்கு அனுப்பும் முன் மாணவி ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் பார்த்தாள், எங்காவது ஒரு ‘பேண்’ மிச்சமிருக்கிறதா என்று.